அரக்கு வைத்த போன்

ஜனவரி 8, புதன்

கோர்ட்டு ஆள் வந்து ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். "என்னக்கா, சொத்து கித்து வாங்கியிருக்கியா?" என்றார். "ஆமா, கலெக்டர் ஆபீசை விலை பேசிக்கிட்டிருக்கேன். சாட்சிக்கு ஆள் வேணும், வர்றியா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அவர் முக்குத் திரும்புகிற வரைக்கும் நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

மருமகள் வனிதாதான் படித்துச் சொன்னாள். மாடப்புறா மசாலா கம்பெனி என் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. அவர்கள் சாம்பார் பொடியின் கலவை ரகசியத்தை நான் திருடிக்கொண்டு போய், தீபாவளிக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த இரட்டைக்கிணறு மசாலாவில் கொடுத்துவிட்டேனாம். அங்கே புதுசாக வந்த சாம்பார் பொடியும் அதே வாசனை அடிக்கிறதாம்.

அதோடு விட்டார்களா? என் போன் வேண்டுமாம். மூன்று வருஷத்துச் செய்தி, பேசி அனுப்பியது, போட்டோ, நான் எங்கெங்கே போனேன் என்கிற விவரம், எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்துக் கம்பெனிக்காரர்கள் கையில் கொடுக்க வேண்டுமாம்.

திருடி என்றதற்குக் கோபம் வந்தது. போனைக் கேட்டார்கள் பார், அதற்கு வந்த கோபத்தில் சோற்றை வடிக்க மறந்து குழைய விட்டேன். இரண்டில் எந்தக் கோபம் பெரிசு என்று ஆராய வேண்டியதில்லை. கோபம் கோபம்தான்.

ஜனவரி 9, வியாழன்

வக்கீல் மும்தாஜ் அம்மாவைப் பார்த்தேன். இரட்டைக்கிணறு முதலாளி சொல்லிவிட்ட ஆள். மேஜை முழுக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம். "வக்கீலம்மா, இதுக்குள்ள நீங்க இருக்கீங்களா?" என்றேன். காகிதத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. நல்ல ஆள் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

"சீனியம்மா, முதல்ல ஒண்ணு. போன்ல எதையும் அழிக்கக் கூடாது. ஒண்ணு அழிச்சாலும் திருடினதாலதான் அழிச்சீங்கம்பாங்க. அணைச்சு, கவர்ல போட்டு, வீட்ல பத்திரமா வைங்க."

அணைத்துவிட்டேன். இத்தனை நாள் எதைச் சொல்வதென்றாலும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனில் பேசி அனுப்புவேன். எனக்கு டைப் அடிக்க வராது. இனிமேல் யாரிடம் சொல்வது? மெடிக்கல் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். படிக்க யாரும் வரக் கூடாது என்பதுதான் என் ஆசை.

ஜனவரி 12, ஞாயிறு

என் மகன் முனீஸ் இன்னமும் மாடப்புறாவில்தான் பாக்கிங் மெஷினில் நிற்கிறான். அவனுக்கு அங்கே மூச்சு முட்டுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக அவன் இன்றைக்குப் பேசியது சரியாகிவிடாது.

"ம்மா, போனைக் குடுத்துத் தொலையேன். உள்ள என்ன இருக்கு? ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா குடுக்க வேண்டியதுதான?"

"நீ குளிக்கப் போறப்போ கதவைச் சாத்துறியே, உள்ள என்னத்தடா ஒளிக்கிற?"

வனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"விளையாடாதம்மா. மேனேஜர் டெய்லி என்னைய கூப்புட்டுக் கேக்குறாரு. ஊர்ல எல்லாரும் கேக்குறாய்ங்க. உங்காத்தா போன்ல அப்படி என்னடா வச்சிருக்குன்னு."

"கேக்குறவய்ங்க போனை எல்லாம் வாங்கிட்டு வா. தெருவுல பாய் விரிச்சுப் பரப்புவோம். என்னோடதையும் கடைசியா வைக்கிறேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் அப்பா செத்த நாளிலிருந்து இவனுக்காகத்தான் மிளகாய் நெடியில் நின்று இருமினேன். நான் போனில் யாரோடு பேசுகிறேன், எதற்குச் சிரிக்கிறேன் என்று இவனிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டுமா?

போனில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. சாமி கும்பிடும் நேரத்தில் பைபாஸ் பக்கம் ஏதோ ஒரு லாரி விட்டுவிட்டு ஹாரன் அடித்தது. வனிதா என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன்.

ஜனவரி 20, திங்கள்

இன்றைக்கு வக்கீலம்மாவிடம், கலவை என் போனுக்குள் எப்படி வந்தது என்று விளக்கினேன். வந்தது உண்மை. நான் திருடவில்லை, அதுவாக வந்தது.

மாடப்புறாவில் ஒவ்வொரு நாளும் எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று ஒரு அட்டை வரும். பூராவும் இங்கிலீஷ். கலவைப் பிரிவில் நாங்கள் நின்றது எல்லாமே பொம்பளைகள். அந்த அட்டையைப் பார்த்தால் எங்களுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். தமிழில் அடித்துக் கொடு என்றால், சின்ன முதலாளி "ஸ்டாண்டர்டு போயிடும்" என்றார். அதனால் மேனேஜர் தனபாலன் காலையில் பல்லைத் தேய்க்கும் முன்னால் வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பிவிடுவார். "யக்காமாரே, இன்னைக்குச் சாம்பார் பொடி. மல்லி இம்புட்டு, குண்டு மிளகா இம்புட்டு, வெந்தயம் வறுத்தது இம்புட்டு." அதைக் கேட்டுத்தான் கொட்டுவோம். நான் அதே குரலில் திருப்பி, "சின்ன முதலாளி மூளை, தேடிப் பாத்து கொஞ்சூண்டு" என்று பேசி அனுப்புவேன். குரூப்பே சிரிக்கும். மேனேஜரும்தான் சிரிப்பார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவரே அனுப்பினாரா? அந்த குரூப்ல வேலையை விட்டுப் போனவங்களும் இருக்காங்களா?"

"இருக்காளுக. ஒருத்தி திருமங்கலத்துல சொந்தமா அரவை மில்லே வச்சுட்டா. குரூப்புல இருந்து யாரு எடுக்கிறது?"

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். கம்பெனி தாக்கல் செய்தது. நான் மாடப்புறாவில் இருக்கும்போதே இரட்டைக்கிணறு குடோன் வாசலில் ஒரு லாரியிலிருந்து இறங்குகிற படம். காவலாளி எடுத்திருக்கிறான். லாரி சூசை டிரைவருடையது. அவர் இரண்டு கம்பெனிக்கும் மிளகாய் லோடு அடிக்கிறவர். அவர் வழியாகத்தான் ரகசியம் கைமாறியது என்று எழுதியிருக்கிறார்கள்.

"அன்னைக்கு ஏன் அந்த லாரியில வந்தீங்க?"

"மழை வக்கீலம்மா. வர்ற வழியில ஏத்திக்கிட்டாரு."

அவர் படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "வெயில்ல உங்க நிழல் தரையில விழுந்து கிடக்கு சீனியம்மா."

படத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். எல்லோரும் சூசை அண்ணன், சூசை அண்ணன் என்பார்கள். நான் டிரைவர் என்றுதான் கூப்பிடுவேன். அவ்வளவுதான் பழக்கம்.

ஜனவரி 22, புதன்

இரட்டைக்கிணறு முதலாளி, வழக்கு முடிகிற வரைக்கும் வீட்டிலேயே இரு என்றுவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையை வைத்து உலை ஏற்ற முடியாது.

திரும்பி வரும்போது முக்குக் கடையில் டிரைவர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. நீலச் சட்டை, காலர் கிழிந்தது. தாடி எடுக்கவில்லை. டீயை ஆற விட்டுவிட்டுக் கையிலேயே வைத்திருந்தார். வக்கீலம்மா அவரோடு பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பேசவில்லை. தெருவில் ஒரு மனுஷரைப் பார்த்து "சாப்டீங்களா" என்று கேட்கக்கூட வக்கீலைக் கேட்க வேண்டிய பிழைப்பு. பற்றிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 27, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போனேன். வக்கீலம்மாவுக்குப் பால்கோவா வாங்கிப் போனேன். "லஞ்சமா?" என்றார். "லஞ்சம் ஜட்ஜுக்குன்னா பெரிய டப்பா வாங்கியிருப்பேன்" என்றேன். "உள்ள வந்து இப்படிப் பேசாதீங்க, ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்" என்று என் வாயில் ஒரு துண்டைத் திணித்தார்.

கம்பெனி வக்கீல் நல்ல உயரம். அவர் பேசியதில் பாதி இங்கிலீஷ், மீதியும் எனக்குப் புரியாத தமிழ். புரிந்த இடத்தில் எரிந்தது. என் போனை ஒரு மெஷினில் போட்டு அச்சு அசலாக இன்னொன்று செய்வார்களாம். அதைக் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்களாம். எங்கே ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று முழுசாகப் பார்த்தால்தானே தெரியும் என்றார்.

ஜட்ஜு ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "எந்தச் செய்தி, எந்தத் தேதி, யாருக்கு அனுப்பினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்தால்தான் தெரியும் ஐயா."

"அப்ப இருக்கிறதை வாங்க வரலை. இருக்கான்னு தேட வந்திருக்கீங்க."

"ஒரு நேர்மையான ஊழியருக்கு மறைக்க எதுவும் இருக்காதே ஐயா."

என் மகன் சொன்ன அதே பேச்சு. கோட்டுப் போட்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வக்கீலம்மா எழுந்தார். ஒரு பெண் வேலைக்குச் சேரும்போது படிக்கத் தெரியாத பாஷையில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் கலவையை வெளியே சொல்ல மாட்டேன் என்றுதான் இருக்கிறது, என் வாழ்க்கையைத் திறந்து காட்டுவேன் என்று இல்லை என்றார். எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. உத்தரவை அடுத்த வாரம் சொல்வதாக ஜட்ஜு ஐயா வைத்துவிட்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் தனபாலன் பல்லை இளித்தார். "என்ன யக்கா, அப்படி என்னத்தத்தான் வச்சிருக்க போனுக்குள்ள? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

"உங்க பெண்டாட்டி போனை வாங்கிட்டு வாங்க மேனேஜரே. உங்களைப் பத்தி அது தங்கச்சிக்கிட்ட என்ன பேசுதுன்னு முதல்ல அதைக் கேட்டுச் சிரிப்போம்."

அவர் சிரிப்பு அணைந்துபோனது. அதற்காகவே இன்னொரு வழக்குப் போட்டாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 1, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நான் போனை ஒளித்து வைத்திருந்த அரிசி டின்னுக்குள் முனீஸ் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கம்பெனியில் அவனுக்கு ஃபோர்மேன் வேலை தருகிறார்களாம். வீட்டுக்குள்ளேயே போனைப் பார்த்து விஷயத்தை முடித்துக் கொடுத்தால் வழக்கையும் வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம். கவர் அவன் கையில் இருந்தது.

"வைடா கீழ."

"உன் நல்லதுக்குத்தான்மா. லாக் நம்பரைச் சொல்லு. நானே பாத்துட்டு ஒண்ணும் இல்லேன்னு சொல்லிர்றேன். வெளியாளு பாக்கிறதுக்கு மகன் பாக்கிறது மேல்தான?"

வெளியாள் பார்த்தால்கூடத் தாங்குவேன் என்று அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது. இவன் பார்ப்பதைத்தான் தாங்க மாட்டேன்.

கையில் இருந்த தக்காளிப் பையை அவன் மேல் வீசினேன். சட்டையெல்லாம் சிவப்பு. "உன் பையில ஒரு நாள் கைய விட்டிருக்கேனாடா? உன் போனைத் தொட்டிருக்கேனா? நீயும் வனிதாவும் கல்யாணத்துக்கு முந்தி ராஜபாளையத்துல சுத்துனது ஊருக்கே தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா? நீ யார்கூடச் சுத்துன?"

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போய் நின்றான்.

வனிதா வந்தாள். அவன் கையிலிருந்து கவரை வாங்கினாள். என் கையில் கொடுத்தாள். "போயி சட்டையை மாத்துங்க" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். அவன் போனான். நாங்கள் இரண்டு பேரும் உருண்டு கிடந்த தக்காளியைப் பொறுக்கினோம். "ரசம் வச்சிரலாம் அத்தே" என்றாள். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்காக அவளுக்கு என் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 5, புதன்

உத்தரவு.

போன் கம்பெனிக்குக் கிடையாது. நகல் எடுக்கக் கூடாது. போட்டோவைத் திறக்கக் கூடாது. எங்கே போனேன் வந்தேன் என்பதைப் பார்க்கக் கூடாது. ஒருத்தர் வேலை பார்த்தார் என்பதற்காக அவர் வாழ்க்கை முழுவதையும் முதலாளி தேடிப் பார்க்க முடியாது என்று ஜட்ஜு ஐயா தமிழிலேயே சொன்னார், என்னைப் பார்த்துச் சொன்னார். கோர்ட்டு ஒரு கமிஷனரைப் போடுகிறது. அவர் ஒரு வக்கீல்தான். நான் வேலையை விடுவதற்கு முந்தின மூன்று மாசத்துச் செய்தியை மட்டும், குறிப்பிட்ட எண்களில் மட்டும், என் முன்னால் வைத்து அவர் மட்டும் கேட்பார். கலவை பற்றி இருந்தால் எழுதுவார். கலவை பற்றி இல்லாத மற்றதை எழுதவும் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது.

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்புறம் எண்களைப் படித்தார்கள். மேனேஜரும் அவர் குரூப்பும். இரட்டைக்கிணறு முதலாளி. சூசை டிரைவர்.

போட்டோவில் லாரி இருக்கிறதே, அதை விட முடியாது என்று வக்கீலம்மா சொன்னார். நியாயம்தான். நியாயம் இவ்வளவு கசக்கும் என்று தெரியாது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, நான் சாத்தச் சொல்லி அழுத ஒரே கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டார்கள்.

போனை என் கண் முன்னாலேயே துணி உறையில் போட்டு, நூல் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். பிணத்துக்குக்கூட இவ்வளவு கட்டுக் கட்ட மாட்டார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

சரி, லாரி விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். அன்றைக்கு டிரைவரும் நானும் தூத்துக்குடியிலிருந்து வந்தோம். இவ்வளவு வயசுக்கு நான் கடலைப் பார்த்ததில்லை. "பக்கத்துல இருக்கிற கடலை ஒருத்தி பாக்காம இருக்கிறது கேவலம் புள்ள" என்று சொன்னார். வீட்டில் ஒரு துக்க வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கரையில் நின்றோம். உப்புத் தண்ணீரில் கால் வைத்தேன். சுண்டல் சாப்பிட்டோம். வரும் வழியில் லோடு இறக்க இரட்டைக்கிணறு போனார். இறங்கினேன். படம் எடுத்துவிட்டான்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா பதில் மனுவுல சுலபமா எழுதியிருக்கலாமே" என்றார் வக்கீலம்மா.

"எழுதினா முனீசு படிப்பான். மேனேஜரு படிப்பாரு. டைப் அடிக்கிற பையன் படிப்பான். திருடின்னு சொன்னா கோர்ட்டுல இல்லைன்னு நிரூபிச்சிருவேன் வக்கீலம்மா. இதை எங்க போயி என்னன்னு நிரூபிக்கிறது?"

அவர் என் கைமேல் கை வைத்தார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கமிஷனர் பெயர் பத்மநாபன். சின்ன வயசு. மீசை இப்போதுதான் யோசித்து யோசித்து வளர்ந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் அந்த மீசைக்கே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அவர் ஆபீசில் உட்கார்ந்தோம், நானும் வக்கீலம்மாவும். கம்பெனி வக்கீலும் தனபாலனும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. தனபாலன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார். எழுந்து போய்த் திரையை இழுத்து விட்டேன்.

முத்திரையை உடைத்தார்கள். முதலில் மேனேஜர் குரூப். ஸ்பீக்கரில் போட்டார். "யக்காமாரே, இன்னைக்குச் சாம்பார் பொடி…" அறை முழுக்கத் தனபாலன் குரல். மல்லியில் ஆரம்பித்துப் பெருங்காயம் வரைக்கும், எது எவ்வளவு, எதை எந்த நிறத்துக்கு வறுக்க வேண்டும் என்று, கோயில் மைக்கில் அறிவிப்புச் செய்கிற மாதிரி. கமிஷனர் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "இதுதானா அந்த ரகசியம்? குரூப்ல இத்தனை பேர் இருக்காங்களே!" வக்கீலம்மா, "எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டார். அடுத்து வந்த என் மூளைக் கேலியையும் கேட்டார். இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

இரட்டைக்கிணறு முதலாளி அனுப்பியது, திங்கட்கிழமை வேலைக்கு வா, மதியச் சாப்பாடு உண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் 'மிளகா லோடு'. டிரைவர் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தேன்.

"தம்பி, இதைச் சத்தமா போடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளின் முகத்தை இவ்வளவு நேரம் கேலி பண்ணாமல் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவருக்குக் காது சிவந்தது. என்னை ஏறிட்டுப் பார்ப்பதைத் தவிர்த்தார். டீ வந்தது, ஆடை படிந்தது.

"எல்லாத்தையும் கேக்கணுமா தம்பி?"

"உத்தரவு அப்படிம்மா. மன்னிச்சிருங்க."

"ஒவ்வொண்ணுக்கும் என்ன எழுதுறீங்க?"

தாளைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் ஒரே வாசகம். வழக்குக்குத் தொடர்பில்லாதது. வழக்குக்குத் தொடர்பில்லாதது.

ஓரிடத்தில் அவர் சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு, உடனே அடக்கிக்கொண்டார். எது என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் டிரைவர் பாட்டுப் பாடி அனுப்பியது. சுதி கிடையாது, தாளம் கிடையாது, நடுவில் கியர் மாற்றுகிற சத்தம் வேறு. நான் அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது எனக்கு வந்தது. அந்தச் சிரிப்பு என்னுடையது. என் தட்டிலிருந்து யாரோ ஒரு கவளம் எடுத்துத் தின்ற மாதிரி இருந்தது. நல்ல பையன்தான். உத்தரவை மீறாத பையன். அவன் மேல் கோபப்பட முடியவில்லை என்பதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வெளியே வந்ததும் கம்பெனி வக்கீல், "இவ்வளவு நேரமா என்ன கேட்டீங்க?" என்றார்.

"அறிக்கையில வர வேண்டியது வரும் சார்."

"மத்தது?"

"மத்ததைக் கேட்க உங்களுக்கு உத்தரவு இல்லை சார்."

அந்த மீசை நன்றாக வளரட்டும்.

பிப்ரவரி 19, புதன்

பேசவில்லை. சமைக்கவில்லை. படுத்தே கிடந்தேன். வனிதா கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 24, திங்கள்

கமிஷனர் அறிக்கையைக் கோர்ட்டில் படித்தார்கள். சூசை டிரைவரைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த எண்ணில் வழக்குக்குத் தொடர்பான எதுவும் இல்லை. அவ்வளவுதான். மேனேஜரைப் பற்றிப் பக்கம் பக்கமாக. ரகசியம் ரகசியம் என்கிறீர்கள், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் சேர்த்து உங்கள் மேனேஜரே தினமும் பேசி அனுப்பியிருக்கிறாரே என்று ஜட்ஜு ஐயா கேட்டார். உயரமான வக்கீல் கொஞ்சம் உயரம் குறைந்தார். சின்ன முதலாளி தனபாலனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வெந்தயம் வறுபட்டிருக்கும். ஜட்ஜு ஐயா, போனைக் கேட்ட கம்பெனி மனுவைத் தள்ளிவிட்டார். இனி பெரிய வழக்கும் நிற்காது, அவர்களே வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்கிறார் வக்கீலம்மா. இரட்டைக்கிணற்றில் நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

போனைக் கொடுத்தார்கள். உறையில் ஒட்டியிருந்த அரக்கைப் பஸ்ஸில் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன். ஜெயித்துவிட்டேன், சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தேன். அடியில் கோபம் கனன்றுகொண்டே இருந்தது. செய்யாத தப்புக்கு நான் ஏன் திரை இழுத்துவிட்டு உட்கார்ந்து வியர்க்க வேண்டும்?

வீட்டில் சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் டிங் டிங் என்று வரிசையாக விழுந்தது. எல்லாம் மிளகா லோடு.

முனீஸ் வேலை முடிந்து வந்திருந்தான். கம்பெனியிலேயே கேள்விப்பட்டிருக்கிறான். அவனுக்கு ஃபோர்மேன் வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாத்தியாம்மா, கடைசியில போன்ல ஒண்ணுமே இல்ல. இதை அன்னைக்கே குடுத்திருந்தா இம்புட்டு அலைச்சல் இருந்திருக்காதுல்ல?"

அவன் சமாதானத்துக்குத்தான் சொன்னான். நான் தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அறிக்கையே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. கோர்ட்டு முத்திரை போட்ட பொய் மாதிரி, காலம் பூராவும் வசதியாக அதற்குள் குடியிருந்திருக்கலாம்.

"ஒண்ணும் இல்லேன்னு யாருடா சொன்னா?" என்றேன். "நிறைய இருந்துச்சு. கம்பெனியோடதுதான் ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் என்னோடது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். வனிதா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"இந்தா வனிதா, மிளகா லோடுன்னு இருக்கில்ல, அதை எடுத்துட்டுச் சூசைன்னு மாத்திக் குடு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மாற்றிக் கொடுத்தாள். முனீஸ் எழுந்தான். போகப் போகிறான் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அவன் கதவு வரைக்கும் போய், போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

ஸ்பீக்கரும் இல்லை, இயர்போனும் இல்லை, திரையும் இல்லை. அவனுக்குக் காது கேட்கிற தூரத்தில் வைத்தே விரலை அழுத்திப் பிடித்தேன்.

"நான்தான். போன் வந்திருச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்க. மீன் எடுக்கச் சொல்றேன். லாரிய பைபாஸ்ல போட்டுட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம், வாசலுக்கே வாங்க. அந்தக் கிழிஞ்ச நீலச் சட்டையோட மட்டும் வந்துறாதீங்க, என் மகன் இருப்பான்."

விரலை எடுத்தேன். போய்விட்டது.